மண்ணைக் காக்கும் துறையில் யாருக்கு நாற்காலி?

மழைத் தண்ணீர் பெருகி ஓடும்போது முதலில் அரித்துக்கொண்டு போவது மேட்டுப் புஞ்சையைத்தான். ஏரிப் பாசனத்தில் இருக்கிற நஞ்சைக்கு வண்டல் வந்து சேர்கிறது. சரளை மேட்டில் இருந்த கொஞ்ச மண்ணும் போய்விடுகிறது. நம் மக்களுக்கு நிலம் என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் அந்த மேடாகத்தான் இருக்கும். வரப்புப் போடவும் தடுப்பணை கட்டவும் பண்ணைக்குட்டை வெட்டவும் அரசாங்கத்தில் திட்டங்கள் உண்டு. யார் நிலத்தில் முதலில் வெட்டுவது என்று முடிவாகிற மேசையில் நாம் உட்கார்ந்திருக்கிறோமா?

இதே கேள்வியை இன்னொரு நாட்டில் இன்னொரு மக்கள் பல தலைமுறைகளாகக் கேட்டு வருகிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களைத்தான் சொல்கிறோம். அவர்களுடைய போராட்டத்தை நாம் கவனிப்பது புதிதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். கறுப்பர்களின் குடியுரிமைப் போராட்டம், இசை, இலக்கியம் பற்றி நம் மாணவர்கள் ஓரளவு படித்திருக்கிறார்கள். அவர்களுடைய வரப்பு, கடன், பட்டா கதை நம் ஊர்களுக்கு அதிகம் வந்து சேரவில்லை. நமக்கு அதிகம் பயன்படுவது அந்தக் கதைதான்.

அமெரிக்க வேளாண் அமைச்சகத்தில் இயற்கை வளப் பாதுகாப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது. மண் அரிப்பைத் தடுப்பது, நீரைத் தேக்குவது, மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பேணுவது இதன் வேலை. துறை பிறந்த கதை சுவையானது. 1930களில் அந்த நாட்டின் நடுப்பகுதிச் சமவெளியில் புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை போட்டார்கள். பின்னாலேயே வறட்சி வந்தது. வேர் பிடிப்பு இல்லாத மண் காற்றில் கிளம்பியது; பகலே இருட்டானது. 1935இல் ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் இதைப் பற்றி நாடாளுமன்றக் குழு முன் விளக்கிக்கொண்டிருந்த நாட்களில், சமவெளியின் புழுதி தலைநகர் வாஷிங்டன் வானத்துக்கே வந்துவிட்டது. அதற்குமேல் விளக்கம் எதற்கு? அந்த ஆண்டு ஏப்ரல் 27இல் சட்டம் நிறைவேறி மண் பாதுகாப்புத் துறை உருவானது. முதல் தலைவர் பென்னட். 1994இல்தான் துறைக்கு இன்றைய பெயர் வந்தது.

பென்னட்டின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் வடக்கு கரோலினாவில் ஒரு பருத்திப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தது 1881இல், அடிமை முறை ஒழிந்து பதினாறே ஆண்டுகள் கழித்து. தெற்கு மாநிலங்களின் பருத்தி மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொத்தியவர்கள் கறுப்பர்கள். எந்தச் சரிவில் தண்ணீர் எப்படி ஓடும் என்பது அவர்களுக்குக் காலே சொல்லும். மண்ணைக் காக்க ஒரு துறை வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் வாரக் குடிகளாக இருந்தார்கள். அரசு ஒப்பந்தமோ நிலத்துக்காரரோடு. 1933இல் பருத்திச் சாகுபடியைக் குறைக்க அரசு பணம் கொடுத்தபோதும் அது நில உடைமையாளர் கைக்குத்தான் போனது. பணத்தை வாங்கிக்கொண்டு, இனி ஆள் தேவையில்லை என்று வாரக் குடிகளை வெளியேற்றியவர்கள் ஏராளம்.

சொந்த நிலம் உள்ள கறுப்பர்களும் இருந்தார்கள். 1865இல் தெற்குக் கடற்கரையில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கத் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய எசமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் கூலியைச் சேர்த்துச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். 1920 கணக்கெடுப்பில் கறுப்பின விவசாயிகள், குத்தகைக்காரர்களையும் சேர்த்து, சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் பேர். நாட்டின் விவசாயிகளில் ஏழில் ஒருவர். 1992 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 ஆயிரத்துக்கும் குறைவு. தொழிற்சாலை வேலை தேடியும் கொலைவெறிக் கும்பல்களுக்கு அஞ்சியும் வடக்கு நகரங்களுக்குப் போனவர்கள் பல லட்சம். இயந்திரம் வந்ததால் வெள்ளை விவசாயிகளும் குறைந்தார்கள், உண்மைதான். ஆனால் இந்த வேகத்தில் அவர்கள் அழியவில்லை.

மிச்சக் கதை உள்ளூர் மேசையில் நடந்தது. அந்த நாட்டில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் தாலுகா, மாவட்டம் போன்றது. விவசாயக் கடனும் மானியமும் கொடுக்கிற சகோதரத் துறைக்குக் கவுண்டிதோறும் உள்ளூர் விவசாயிகள் குழு உண்டு. மண் பாதுகாப்புக்கு வேறொரு வாரியம். அதற்கான மாதிரிச் சட்டத்தை 1937இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் அனுப்பினார். முதல் மாவட்டம் பென்னட்டின் சொந்தக் கவுண்டியிலேயே உருவானது. இன்று நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 3,000 மாவட்டங்கள். உள்ளூர் மண்ணை உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தெற்கு மாநிலங்களில் உள்ளூர்க்காரர் என்றால் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பொதுக்கூட்டம் என்றால் யார் கூடுவது என்பது நமக்குத் தெரிவதைப் போல.

கறுப்பர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1964, 65 ஆண்டுகளில் மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் மாணவர் இயக்கத் தோழர்கள் வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் போனார்கள். அப்போது விவசாயக் குழுத் தேர்தலையும் கையில் எடுத்தார்கள். அமெரிக்கா முழுவதும் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பருத்திக்கு எத்தனை ஏக்கர் அனுமதி என்று தீர்மானிக்கிற குழுவில் போட்டியிட வேண்டும் என்று சில இளைஞர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த அறிவை நாம் வியக்கிறோம். எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை. அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டியில் கறுப்பர்களின் வாக்கைச் சிதறடிக்க, கேட்காத கறுப்பர்களின் பெயர்களையும் வேட்பாளர் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். தனித் தொகுதி ஊராட்சிகளில் சொல்பேச்சுக் கேட்கிற ஒருவரை நிறுத்தி வைக்கும் வித்தையைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1965இலேயே குடியுரிமை ஆணையம் இந்தப் பாகுபாட்டை அறிக்கையாக எழுதிவிட்டது. 1982இல் கறுப்பின விவசாயத்தின் வீழ்ச்சி பற்றி இன்னொரு அறிக்கையும் வந்தது. அடுத்த ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? வேளாண் அமைச்சகத்தில் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கிற பிரிவையே கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த புகார்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. விதைப்புக் காலம் முடிந்த பிறகு கடன் கிடைத்தால் என்ன லாபம்? கடன் கிடைக்காமல் விதைக்கவில்லை. விதைக்காததால் பழைய கடன் அடையவில்லை. நிலம் ஏலத்துக்குப் போனது.

1996 டிசம்பரில் கறுப்பின விவசாயிகள் வெள்ளை மாளிகை வாசலில் வந்து நின்றார்கள். அமைச்சர் டான் கிளிக்மன் ஒரு குழுவை அமைத்தார். அதை வழிநடத்தியவர் பேர்லி ரீட். மண் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து மேலே வந்த கறுப்பின அதிகாரி. ஆர்கன்சாஸ் மாநிலத்துக்காரர். 1997 ஜனவரியில் இந்தக் குழு நாட்டின் பல பகுதிகளுக்குப் போய் 12 கூட்டங்களில் விவசாயிகள் சொன்னதைக் கேட்டது. பிப்ரவரியில் 92 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. வேளாண் அமைச்சகத்தைக் கடைசி அடிமைப் பண்ணை என்று மக்கள் அழைத்ததை, அமைச்சகத்தின் சொந்த அறிக்கையே பதிவு செய்தது. 1994 நிலவரப்படி கவுண்டிக் குழுக்களில் 94 சதவீதத்தில் பெண்ணோ சிறுபான்மை இனத்தவரோ ஒருவர்கூட இல்லை என்பதும் அதில் இருந்தது. மேசையைச் சுற்றி யாரும் இல்லை என்று மக்கள் சொல்லிவந்ததற்கு அரசாங்கமே கொடுத்த கணக்கு அது.

அடுத்த ஆண்டு, 1998இல், ரீட் இயற்கை வளப் பாதுகாப்புத் துறையின் தலைவரானார். துறை தோன்றி 63 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர்.

தலைமைப் பதவிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை மாணவர்களுக்காக இங்கே சொல்லிவிடுகிறோம். வாஷிங்டனில் துறைத் தலைவர். அவரை நியமிப்பது வேளாண் அமைச்சர். மாநிலத்துக்கு ஒரு மாநிலப் பாதுகாப்பு அலுவலர். கீழே கள அலுவலகத்தில் வட்டாரப் பாதுகாப்பு அலுவலர். விவசாயி பார்ப்பது இந்தக் கடைசி ஆளைத்தான். நிலத்துக்கு வந்து சரிவை அளந்து திட்டம் வரைபவர் அவர். அவரோடு கூட உட்கார்ந்து, இந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று ஆலோசனை சொல்வது உள்ளூர் வாரியம். அந்த வாரியம் மாநிலச் சட்டத்தின்கீழ் வருவது. வாஷிங்டனில் எப்பேர்ப்பட்ட தலைவர் இருந்தாலும் வாரியத்தில் இன்னாரை உட்கார வை என்று உத்தரவு போட முடியாது.

ரீடின் கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். உச்சியில் ஒரு கறுப்பர் வந்தது பெரிய செய்தி. ஆனால் அடியில் இருக்கிற மேசைக்கும் உச்சியில் இருக்கிற நாற்காலிக்கும் நடுவில் அவர் கை நீளாத தூரம் ஒன்று இருக்கிறது. நம்மிடம் மாவட்ட ஆட்சியராக நம்மவர் வந்த காலத்திலும், ஊராட்சி மன்றத்தில் நம்மவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்திகள் வரத்தானே செய்தன? இதை வைத்து, மேலே போய் என்ன பயன் என்று கேட்கிற தோழர்களும் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. 94 சதவீதம் என்ற கணக்கை ஆவணமாக்கியது, உள்ளே இருந்த ஒரு கறுப்பின அதிகாரி வழிநடத்திய குழு. வட கரோலினா விவசாயி திமோத்தி பிக்ஃபோர்டும் மற்றவர்களும் 1997இல் தொடுத்த வழக்கில் 1999இல் சமரசத் தீர்ப்பு வந்தது. அந்த ஏற்பாட்டின்கீழ் பெரும்பாலோருக்குத் தலா 50,000 டாலர்; மொத்தம் 100 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு. காலக்கெடு தவறி மனுப் போட்டவர்களுக்காக 2010இல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் நிலம் போனவர்களுக்கு நிலம் திரும்பவில்லை. போராடியவர்கள் வெளியே நின்றார்கள், எழுதியவர் உள்ளே இருந்தார், இரண்டும் வேண்டியிருந்தது.

அந்த உள்ளே இருக்கிற ஆள் எப்படி உள்ளே வந்தார்? இதுவும் பார்க்க வேண்டிய விஷயம். ரீட் படித்தது பைன் ப்ளஃப் நகரின் கறுப்பினக் கல்லூரியில். 1890இல் வந்த ஒரு சட்டம், வேளாண் கல்லூரிகளில் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாகக் கல்லூரி வையுங்கள் என்றது. தெற்கு மாநிலங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. தீண்டாமையால் பிறந்த கல்லூரிகள்தான். இன்று அவை 19. அவற்றில் பலவற்றுக்குச் சேர வேண்டிய பணத்தை மாநிலங்கள் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. 16 மாநிலங்கள் முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருப்பதாக 2023இல் ஒன்றிய அமைச்சர்களே ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சிறப்பு உட்கூறுத் திட்ட நிதி எங்கே போகிறது என்று இங்கே கேட்டுக்கொண்டிருக்கிற நமக்குப் பழக்கமான கணக்கு. ஆனாலும் அந்தக் கல்லூரிகள்தான் கறுப்பின விவசாயப் பட்டதாரிகளை உருவாக்கின. மண் பாதுகாப்புத் துறை மாணவர்களைப் படிக்கும்போதே பயிற்சியாளராக எடுத்துக்கொள்கிற வழக்கம் வைத்திருந்தது. அந்தச் சின்னக் கதவு வழியாக வந்தவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளில் உச்சிக்குப் போனார்கள்.

டெர்ரி காஸ்பியும் அந்தக் கதவு வழியாக வந்தவரே. 2021இல் துறைத் தலைவரானவர். சொந்த ஊர் மிசிசிப்பியின் டல்லஹாச்சி கவுண்டி. 1955இல் எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது அதே கவுண்டியின் நீதிமன்றத்தில்தான். காஸ்பியின் குடும்பத்துக்கு அங்கே கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து நிலம் உண்டு. பருத்தி, சோயா, மாடு. அல்கார்ன் கறுப்பினக் கல்லூரியில் வேளாண் கல்வி படித்தார். 1979இல் அயோவா மாநிலத்தில் மாணவப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 2005இல் ஒஹையோவின் மாநிலப் பாதுகாப்பு அலுவலர். அந்தப் பதவியில் சுமார் பதினாறு ஆண்டுகள். பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து தலைவர் நாற்காலிக்கு 42 ஆண்டுகள்.

நிலம் இருந்தாலும் பட்டா சரியில்லை என்றால் துறையின் உதவி எட்டாது. இது அங்கேயும் இருக்கிற தலைவலி. உயில் எழுத வக்கீலிடம் போக அஞ்சிய தலைமுறை, நிலத்தைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாக விட்டுப் போனது. பேரன் பேத்தி என்று நாற்பது, ஐம்பது பேருக்கு ஒரே துண்டில் பங்கு. கூட்டுப் பட்டாவில் இறந்த தாத்தா பெயரே நிற்கிற நம் ஊர்க் கதைதான். இப்படிப்பட்ட நிலத்தை உழுகிறவருக்குப் பண்ணை எண் கிடைக்காது. அந்த எண் இல்லாமல் கடனும் இல்லை, மண் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை. கறுப்பினக் கூட்டுறவு இயக்கங்கள் விடாமல் பேசிய பிறகு, 2018 வேளாண் சட்டத்தில் வேறு சில ஆவணங்களைக் காட்டியும் பண்ணை எண் பெறலாம் என்று வழி பிறந்தது. ஒரு கிராம நிர்வாக அலுவலகத்தில் சிட்டாவுக்காக அலைந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

பண உதவியிலும் ஒரு வழி இருந்தது. வாய்க்கால் போடவோ வேலி கட்டவோ செலவில் பொதுவாக 75 சதவீதம் வரை துறை கொடுக்கும். ஆனால் வேலையை முடித்த பிறகுதான் பணம். கையில் முதல் இல்லாதவர் வேலையை எப்படித் தொடங்குவார்? அதனால் ஒடுக்கப்பட்ட இனத்தவர், புதிய விவசாயி, வசதி குறைந்தவர் போன்ற பிரிவினருக்கு 90 சதவீதம் வரை என்றும், ஒரு பகுதி முன்பணம் என்றும் விதி செய்தார்கள். முன்பணம் 2008இல் 30 சதவீதம், 2014இல் 50 சதவீதம். நம் மானியத் திட்டங்களில் இந்த முன்பணம் பற்றி நாம் கேட்டுப் போராட வேண்டும் என்று நினைக்கிறோம். பிந்தி வருகிற மானியம் ஏற்கெனவே பணம் உள்ளவருக்குத்தான் மானியம்.

இப்போது அந்த விதிகளின்மேல் காற்று திரும்பியிருக்கிறது. 2021இல் ஒடுக்கப்பட்ட இன விவசாயிகளின் அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டம் வந்தது. வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்கள் நிறுத்தி வைத்தன. மறு ஆண்டு சட்டத்தின் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் வேளாண் அமைச்சகம், இனத்தையும் பாலினத்தையும் வைத்துத் திட்டங்களில் முன்னுரிமை கொடுப்பதை இனி நிறுத்துவதாக அறிவித்தது. எல்லோரும் சமம், இனி நிறம் பார்க்க மாட்டோம் என்கிறார்கள். நூறாண்டு நிறம் பார்த்து நிலத்தைப் பிடுங்கியபோது இந்தச் சமத்துவம் எங்கே போயிருந்தது என்று அங்குள்ள விவசாயிகள் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு மாலை நேர வகுப்பில் இதையெல்லாம் கல்லூரி மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தோம். பெரிய கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்தோம். வேளாண் பொறியியல் படிக்கிற ஒரு பெண் எழுந்து, "எங்க ஊர் ஏரிக்குப் பாசன சங்கம் இருக்குதுங்க தோழர். அதுல உறுப்பினர் பட்டியல் யார்கிட்ட கேட்டா கிடைக்கும்?" என்றாள். நீர்வளத் துறையின் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள் என்றோம். மனு எழுத வெள்ளைத் தாள் அங்கேயே வாங்கிக்கொண்டாள். அவளுடைய அப்பா பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமென்றால், அந்த ஏரியின் ஆயக்கட்டில் அவருக்குப் பட்டா நிலம் இருக்க வேண்டும். அப்பா அந்த ஏரிக்கு மடை திறக்கிறவர். நிலம் அரை ஏக்கர் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில்.